ஒரு டிரம்முக்கு இரண்டு பேர்

டிக். டிக். டிக். டிக்.

அலோர்ஸ்டாரில் நான் கடைசியாக வாசித்த ஹோட்டலில் ஒரு நாள் காலை இந்தச் சத்தம் கேட்டது. கூடத்தில் புதிதாக ஒரு பெட்டி. வானொலிப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கம் வரிசையாகப் பித்தான்கள். ஒன்றை அமுக்கினால் வால்ட்ஸ், இன்னொன்றை அமுக்கினால் ரும்பா. முதலாளி ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிக் காட்டினார். அதற்கு வியர்க்காது. லீவு கேட்காது. மழை நாளில் அதன் தோல் தொய்யாது. ஐம்பத்து மூன்று வயதில் நான் வேலையை விட்டதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். என் முழங்காலும் ஒரு காரணம்.

ஆனால் அதன் முன்னால் நின்று கேட்டபோது உடம்பு கூசியது. ஒவ்வொரு தட்டும் அதனதன் இடத்தில் விழுந்தது. பெரிய டிரம்மின் அடியும் கச்சிதமாக விழுந்தது. அது அப்படி விழக் கூடாது. ஒரு மயிரிழை பிந்த வேண்டும்.

அந்தப் பிந்தலுக்குப் பினாங்கு வாத்தியக்காரர்கள் எங்கள் கெடா மாநிலத்தின் பேரில் வைத்த பெயர் ‘கெடாக் கால்’. பெரிய டிரம்மை அடிக்கும் பெடலை வலது காலால் மிதிக்கிறோம் அல்லவா, அந்தக் காலை அவசரப்படாமல் இறக்குவது. மண்டபத்துக் கல்யாணங்களில் பாடும் தமிழ்க் குழுவானாலும், ஜோகெட் ஆட்டத்துக்கு வாசிக்கும் மலாய்க்காரர்களானாலும், அது இல்லாமல் இன்றைக்கு ஆட்டம் ஏறாது. போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து மூன்று டிரம்மர்கள் என்னைத் தேடி வந்தார்கள். “அங்கிள், கெடாக் கால கண்டுபிடிச்ச லெஜண்ட் நீங்கதான்லா. எப்படி வந்திச்சின்னு சொல்லுங்க” என்றார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். நான் துரைமார்களின் கிளப்பில் நாற்காலி துடைத்தேன். அங்கே சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு பிலிப்பினோக்காரர் டிரம் வாசிப்பார். நாலு வருஷம் அவர் முதுகைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை அவர் குடித்துவிட்டு விழுந்தார், நான் உட்கார்ந்தேன். படிப்பு அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் சவரிமுத்து அண்ணனின் பேண்டில் சேர்ந்தேன். சம்பளத்தை மிச்சம் பிடித்துப் பினாங்கில் ஒரு பெடல் வாங்கினேன். சுருள்கம்பி வைத்தது, நிக்கல் பூச்சு. தூங்கும்போது அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன்.

சவரி அண்ணன் டிரம்பெட். பேண்டின் தலைவரும் அவர்தான். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. கையால் தாளம் காட்ட மாட்டார், கண்ணிமையால் காட்டுவார். இரண்டு முறை மூடித் திறந்தால் பாட்டு ஆரம்பம். தப்பாக வாசித்தவனைப் பார்க்கவே மாட்டார். டிரம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றி, பனியன் நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துடைப்புதான் திட்டு. எங்களை எல்லாம் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். ‘நீங்க’ என்று சொல்லிவிட்டார் என்றால் கோபம் உச்சத்தில் இருக்கிறது, அல்லது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஜப்பான்காரன் வருவதற்கு முன் என்னை ஒரே ஒரு தடவைதான் ‘நீங்க’ என்றார்.

ஜப்பான்காரன் வந்ததும் ஆட்டக் கூடங்கள் மூடின. எங்கள் பேண்டை அவர்கள் கலைக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். மெர்கோங்கில் வயல் ஓரமாக ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் ஏழு பேரையும் தங்க வைத்தார்கள். இங்கிலீஷ் பாட்டு கூடாது. அணிவகுப்பு மெட்டு, மலாய்ப் பாட்டு, கொஞ்சம் கோயில் பாட்டு, இவ்வளவுதான். தோட்டம் தோட்டமாகப் போய் வாசிக்க வேண்டும். கூட்டம் கூடியதும் ஓர் அதிகாரி பேசுவார்.

புது டிரம் தோல் கிடைக்காது. ஆட்டுத்தோலை ஊறப்போட்டு, மயிரைச் சிரைத்து, ஈரத்தோடு வளையத்தில் மடித்துக் கட்டி, நிழலில் இரண்டு நாள் காய வைப்பேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மழை நாளில் கரிச்சட்டியைப் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையை டிரம்முக்கும் நெருப்புக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு காட்டுவேன். கை தாங்குகிற சூடுதான் தோலும் தாங்கும்.

எங்கள் ஏழு பேருக்கும் வெள்ளைத் துணியில் சிவப்பு முத்திரை குத்திய கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். அது கையில் இருந்தால் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோக மாட்டார்கள். இல்லாதவர்களைக் கொண்டுபோனார்கள். முதலில் ஆசை காட்டி. ஆசை பலிக்காதபோது லாரியை நிறுத்தி. நாங்கள் வாசித்துக் கூட்டிய கூட்டத்திலிருந்தே இரண்டு தடவை லாரியில் ஏற்றினார்கள். இரண்டாவது தடவை எங்களுக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் வாசித்தோம்.

இரண்டாம் வருஷம் எங்கள் கிளாரினெட்காரர் மலேரியாவில் போய்விட்டார். சவரி அண்ணன் அதை மேலே சொல்லவில்லை. கைப்பட்டையைத் துவைத்து மடித்துத் தன் டிரம்பெட் பெட்டியில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து அந்தப் பட்டைக்கு ஓர் ஆள் வந்தான்.

வீரன். பாடாங் செராய்க்கு உள்ளே இருந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு அடிப்பவன். லாரியிலிருந்து குதித்து, வரப்பு வரப்பாக நடந்து, சோற்று வாசனைக்கு எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தான். உண்மையில் அது சோறும் இல்லை, மரவள்ளிக்கிழங்கு. முட்டி இரண்டும் தோலுரிந்திருந்தது.

சவரி அண்ணன் அவன் கையில் பட்டையைக் கட்டினார். “இன்னிலேருந்து நீ பேண்டு ஆளு. என்னா வாசிப்ப?”

“தப்புதான் தெரியும்ங்க.”

“அது போதும். மாணிக்கம், இவனுக்கு டிரம் சொல்லிக்குடு.”

மாணிக்கம் என்பது நான். எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பு என்றால் எங்களுக்குச் சாவு வீடு. தப்பு அடிக்கிறவன் என்றால் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு. எங்கள் பேண்டில் இந்துவும் உண்டு, வேதக்காரரும் உண்டு. ஆனால் கிழங்குத் தட்டை அவன் தொட்டதும் கை பின்வாங்கியவர்களில் இரண்டு தரப்பும் இருந்தது. நானும் இருந்தேன். அவன் பார்த்தான். மறு வேளையிலிருந்து தன் பங்கை வாழையிலைத் துண்டில் வாங்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான். அவனுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடவே இருக்கும். டிரம் என்னுடையது என்பதால் என்னை ‘அண்ணே’ என்றான்.

மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். தப்புக்கு ஒரு கையில் குட்டைக் குச்சி, ஒரு கையில் மெலிந்த நீளக் குச்சி. இரண்டு கையிலும் ஒரே மாதிரிக் குச்சி என்றதும் அவனுக்கு இடது கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காலைப் பெடலில் வைத்தால் கை நின்றுவிடும், கை ஓடினால் கால் நின்றுவிடும். பெடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெரிய டிரம்மை மட்டும் கையால் அடிக்கச் சொன்னேன். அதில் புலி. ஆனால் நிற்க மாட்டான். ஒவ்வொரு அடியிலும் என்னை முந்திக்கொண்டு ஓடினான். “திருவிழா இல்லடா இது, மெதுவா அடி” என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் காலை காதர் பாய் சைக்கிளில் வந்தார். அலோர்ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதால் அவரை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கியது.

“சவரி, தாய்ச்சோ கெளம்பிட்டாரு.”

தாய்ச்சோ என்றால் அவர்களுடைய கேப்டன். எங்கள் பேண்டு அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதுவரை அவர் எங்களைத் தூரத்தில் மேடையில் பார்த்ததோடு சரி.

“ஏழு பட்டைக்கும் ஏழு வாத்தியம் இருக்கான்னு பாக்கப் போறாராம். போன வாரம் சுங்கைப்பட்டாணியில ஒரு நாடகக் கம்பெனிய இப்படித்தான் பாத்தாரு. ஜால்ரா தட்டுனவன ‘இது ஒரு வேலையா’ன்னு சொல்லி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. பின்னாலயே லாரி வருது. வழியில டயர் பஞ்சரு. அரை மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள என்னா செய்வியோ செய்யி.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிளாரினெட் ஊத ஆள் இல்லை; மிச்சம் ஐந்து வாத்தியம், ஒரு டிரம். ஆள் ஏழு. சவரி அண்ணன் ஊதுவாயைக் கழற்றித் துடைத்தார். வீரன் கைப்பட்டையின் முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துவிடுவான் போல.

சவரி அண்ணன் என்னைப் பார்த்தார். “பெடலக் கழட்டுங்க.”

‘ங்க’ என்ற அந்த ஓசை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“எதுக்குண்ணே?”

“இது ரெண்டு ஆளு வாசிக்கிற சாமான். நீங்க சின்ன டிரம்மும் சிம்பலும். வீரன் பெருசு. பெடலுன்னு ஒண்ணு இந்த ஒலகத்துல இல்ல.”

கழற்றினேன். இரண்டு காதுள்ள திருகை இடப்பக்கம் திருப்பினால் பிடி தளரும். அடிக்கும் தண்டை முதலில் எடுக்க வேண்டும், பிறகு சுருள்கம்பி, கடைசியில் மிதிபலகை. நிதானமாகச் செய்தேன், யாராவது வேண்டாம் என்று சொல்வார்களோ என்று. யாரும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். மூன்று துண்டும் சேற்றில் இறங்கியது. குமிழி வந்தது.

தாய்ச்சோ குள்ளமானவர், சுத்தமானவர். பூட்ஸில் ஒரு புள்ளி சேறு இல்லை. லாரியை மரத்தடியில் நிறுத்தினார்கள், எஞ்சினை நிறுத்தவில்லை. அக்கார்டியன், வயலின், கிடார், பெரிய வயலின், டிரம்பெட் என்று ஒவ்வொருவராக நாலு வரி வாசிக்க, அவர் பட்டையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். டிரம்முக்கு வந்ததும் நின்றார். விரலால் என்னைக் காட்டினார், வீரனைக் காட்டினார்.

காதர் பாய் சொன்னார்: “ஒரு டிரம்முக்கு எதுக்கு ரெண்டு பேருன்னு கேக்குறாரு.”

“ரெண்டு பேரு வாசிக்கிறதுதான்” என்றார் சவரி அண்ணன்.

தாய்ச்சோ குனிந்தார். பெரிய டிரம்மின் மரவளையத்தில், பெடல் கவ்விக் கவ்விக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். மெருகு போய் வெள்ளையாக இருக்கும். அதைத் துடைக்கவோ மூடவோ எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருத்தினார். அப்படியே வைத்துக்கொண்டு, சவரி அண்ணனை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

காதர் பாயின் குரல் இறங்கியது. “ஒன்னத்தான் கேக்குறாரு, மாணிக்கம். ஒரு ஆளு போதுமா, ரெண்டு ஆளு வேணுமா? ஒண்ணுன்னா, நல்லா வாசிக்கிறவன் இருக்கலாம். மத்தவன் லாரி. பொய் சொன்னது பின்னால தெரிஞ்சா ரெண்டு பேருமே லாரி.”

எட்டு எண்ணிக்கை இருக்கும், நான் பேசவில்லை. எனக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் எண்ணினேன். ஒன்று என்று சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. நல்லா வாசிக்கிறவன் நான். மூன்று நாளைக்கு முன் இவன் யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டு என்று சொன்னால், என்றைக்கோ யாரோ ஒரு பெடலைக் காட்டி இவரிடம் விளக்குவான், அன்றைக்கு என் பெயர் லாரியில். லாரியின் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் வீரனைப் பார்க்கவில்லை. அவன் என்னைப் பார்ப்பது கன்னத்தில் சுட்டது.

“ரெண்டு” என்றேன். “எனக்கு ரெண்டு கைதான் இருக்கு.”

காதர் பாய் அதை நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். என்ன சேர்த்தார் என்று பின்னாளில் கேட்டதற்கு, “ஜப்பான் கோயில்ல பெரிய மோளத்த தனியா ஒரு ஆளுதான் அடிப்பான், அதே மாதிரின்னேன்” என்றார்.

தாய்ச்சோ விரலை எடுத்தார். வாசிக்கச் சொன்னார்.

சவரி அண்ணனின் இமை இரண்டு முறை மூடித் திறந்தது. அணிவகுப்பு மெட்டு. நான் சின்ன டிரம்மில் ஆரம்பித்தேன். வீரனின் அடி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. போச்சு என்று நினைத்தேன். வந்தது, ஒரு மயிரிழை கழித்து. அடுத்ததும் பிந்தியது. அதற்கடுத்ததும். மூன்று நாளாக என்னை முந்தி ஓடியவன், இன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் ஏதோ யோசித்துவிட்டு அடிப்பவன் மாதிரி அடித்தான். பயத்தில் கை கனத்துவிட்டது என்று நினைத்தேன்.

இங்கேதான் சவரி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொரு தலைவராக இருந்தால் அவனைப் பார்த்து முறைத்திருப்பார், அவசரப்படுத்தியிருப்பார், இரண்டு பேரும் கெட்டிருப்போம். அவர் டிரம்பெட்டின் வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். ஊதும் சுரத்தை இழுத்து, அவன் அடி விழுகிற இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார். அக்கார்டியன் அவரைப் பார்த்துச் சாய்ந்தது. பெரிய வயலின் சாய்ந்தது. நான் மட்டும் நேராக நின்றேன், மற்ற எல்லோரும் அவனோடு பிந்தினார்கள். அணிவகுப்பு மெட்டுக்கு இடுப்பு முளைத்தது. தாய்ச்சோவின் பூட்ஸ் முனை தரையில் தட்டியது. தட்டிய இடம் வீரனின் இடம்.

“யோஷி” என்றார். சரி என்று அர்த்தம். அவர் போனார். லாரி காலியாகத் திரும்பியது. வீரன் குச்சியைக் கீழே வைக்க முடியாமல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அன்று மத்தியானம் அவன் இலையிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து நான் தின்றேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் அடி நேராகவே இல்லை. “அது அவன் பாணி, கைய வைக்காத” என்றார் சவரி அண்ணன். தப்பு மரபில் அப்படி ஒரு நடை இருக்கும்போல என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம். நடுவில் கெடாவைச் சயாம்காரனிடம் கொடுத்தார்கள், தாய்ச்சோ மாறினார், ஆனாலும் நாங்கள் பெடலைத் தோண்டி எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு டிரம்மின் இரு பக்கம் உட்கார்ந்து தோட்டம் தோட்டமாக, ஊர் ஊராக வாசித்தோம். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவனும் வாசிக்க முடியாது. அதனால் இருவரும் காய்ச்சலோடு வாசித்தோம். கோலா கெடாவில் மீன் சந்தையின் பலகை மேடையில் வாசித்தபோது, கருவாடு காயவைக்கும் மலாய்ப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஆடினார்கள். அடி பிந்துகிற அந்த இடைவெளியில் இடுப்பு தானாகத் திரும்பியது. பசியில் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்தான்.

சண்டை முடிந்து பினாங்கு பேண்டுக்காரர்கள் எங்களைக் கேட்க வந்தார்கள். இரண்டு ஆள் செய்வதை ஒரு காலால் செய்ய முயன்றார்கள். நானும் முயன்றேன். புதுப் பெடல் கிடைத்ததும் மூன்று மாதம் காலைக் கட்டுப்படுத்திப் பழகினேன். பிறகு வானொலியில் வாசித்தேன், இசைத்தட்டுகளில் வாசித்தேன். பேர் எனக்கு வந்தது. அந்தப் பேரைத் திருத்த எனக்கு இருபத்தேழு வருஷம் நேரம் இருந்தது. திருத்தவில்லை.

புதுப் பெடல் வந்த அன்றே வீரன் அதைப் பார்த்தான். மிதிபலகையை ஒரு தடவை விரலால் அமுக்கிப் பார்த்தான். மறு நாள் தன் துணியை மூட்டை கட்டினான். தோட்டத்தில் மனைவி இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும் என்றான். சவரி அண்ணன் ஊதுவாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பஸ் நிலையம் வரை நான்தான் கூடப் போனேன். அப்போது பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்கள். பின்னால் ஓர் அடுப்பு. அது கனன்று புகை ஏற அரை மணி நேரம் ஆகும். வெயில். அடுப்புப் பக்கம் நிழல் இருந்ததால் சூட்டோடு நின்றோம்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்கக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்கி தாய்ச்சோ ஒரு ஆளு போதுமான்னு கேட்டாருல்ல. நீங்க ஏன் அம்புட்டு நேரம் பேசாம நின்னீங்க?”

அடுப்புக்காரர் கம்பியை விட்டுக் கிளறினார். பொறி பறந்தது.

“ஒண்ணுன்னு சொல்லிரலாமான்னு பாத்தேன்” என்றேன்.

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா ஏன் கேக்குற?”

“நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.” சிரித்தான். மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டான். “அன்னிலேருந்துதாண்ணே, எப்ப குச்சியத் தூக்குனாலும் நீங்க மொதல்ல அடிக்கிறீங்களான்னு பாத்துட்டுத்தான் நான் அடிப்பேன். நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டீங்கன்னா நான் ஒத்தையா அடிச்சிக்கிட்டு நிப்பேன்ல? பாக்குறவன், ‘அட, ஒரு ஆளு போதும்போல’ன்னு சொல்லிருவான்ல?”

“ஒவ்வொரு அடிக்குமா?”

“ஒவ்வொரு அடிக்கும்.”

கண்டக்டர் ஏறச் சொல்லி “நாயிக், நாயிக்” என்று பலகையைத் தட்டினார். வீரன் படியில் ஏறி, திரும்பி நின்றான். பஸ் உறுமியது. நான் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன்.

“இன்னும் பயந்தானா, வீரா?”

“பயம் போயிருச்சிண்ணே” என்றான். “கைக்குத்தான் இன்னும் தெரியல.”